செவிலியின் மகள்

செவிலி என்னும் சொல் மருத்துவமனையில் பிறந்ததன்று. இந்நாட்டில் மருத்துவமனைகள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அது தமிழில் வழங்கி வந்தது. சங்க அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய். அவளை இடுப்பிலும் தோளிலும் சுமந்து வளர்த்தவள் செவிலித்தாய். ஆங்கில மருத்துவம் வந்தபின், ‘நர்ஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எண்ணியவர்கள் அந்தப் பழைய வளர்ப்புத் தாயின் பெயரையே எடுத்து, நோயாளியின் கட்டிலருகே நிற்பவளுக்குச் சூட்டினார்கள். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் ‘தாதி’ என்கின்றனர். அதுவும் வளர்ப்புத் தாய்க்குரிய பெயரே. தமிழ் பேசுவோர் எந்த ஊரில் இருந்தாலும், பிணி தீர்க்க உதவும் பெண்ணைத் தாய் என்றே அழைத்து வந்திருக்கிறார்கள்.

இதில் பலரும் கவனியாத ஒரு செய்தி உண்டு. அகப்பாடல்கள் எங்கும் தலைவியை விட்டுப் பிரியாமல் வருகிறாளே தோழி, அவள் யார்? செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். பிறர் மகளை வளர்க்க வந்த அந்தத் தாய்க்கும் சொந்தத்தில் ஒரு மகள் இருந்தாள் என்பது இதனால் விளங்குகிறது. அந்த மகளை எங்கோ ஒரு குடிசையில் விட்டுவிட்டு அவள் வரவில்லை. இரு பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் விளையாடின. ஒரே கை இருவருக்கும் சோறூட்டியது. அந்த வீட்டில் உயர்வு தாழ்வு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஒருத்தி தலைவியாக, மற்றவள் அவள் பின்னே நிற்பவளாகத்தானே வளர்ந்தாள்! எனினும், செவிலியின் உழைப்பை ஏற்றுக்கொண்ட வீடு அவள் பிள்ளைக்கும் இடம் கொடுத்தது. அந்த அளவில் அதற்கு நீதி தெரிந்திருந்தது.

நம் காலத்துச் செவிலியின் மகள் எங்கே இருக்கிறாள்? தாய் வார்டில் நிற்கும் வேளையில் அவளைத் தூக்கி வைத்திருப்பவர் யார்? இந்தக் கேள்வியைக் கடலூர் மாவட்டத்தில் நின்று கேட்க விழைகிறேன். நம் குடும்பங்கள் அடர்ந்து வாழும் கடற்கரையும் வயற்புறமும் அங்கே இருக்கின்றன. செவிலியரை ஆக்கித் தரும் கல்விக்கூடமும் அங்கே இருக்கிறது.

சிதம்பரத்தின் கிழக்கே, அண்ணாமலை நகரில், 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1985-இல் அங்கே இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி எழுந்தது. அதே வளாகத்தைச் சேர்ந்தது இராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரி. 2021-இல் மருத்துவக் கல்லூரி மாநில அரசின் மருத்துவத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்துக்குரிய அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை. இவ்விரண்டு ஊர்களையும் சுற்றி வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையும், வீராணம் ஏரியை அடுத்த லால்பேட்டையும், கரும்பு ஆலைக்குப் பெயர்பெற்ற நெல்லிக்குப்பமும் இருக்கின்றன. இவ்வூர்களின் ஆண்மக்களில் பலர் வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ பொருளீட்டுகின்றனர். பெண்கள் பேறுகாலத்திலும், முதியோர் இறுதிக் காலத்திலும் நாடிச் செல்லும் கட்டில்களில் பல மேற்சொன்ன இரு ஊர்களில் உள்ளன. அக்கட்டில்களின் அருகே இப்போது நம் பெண்களும் சீருடையுடன் நிற்கத் தொடங்கியிருக்கிறார்கள். மணமான பின் படிக்க வந்தவர்களும், படிக்கும்போதே தாயானவர்களும் அவர்களில் உண்டு.

செவிலியர் படிப்பு மற்றப் படிப்புகளைப் போன்றதன்று. பட்டப் படிப்பு 4 ஆண்டு. டிப்ளமோ 3 ஆண்டு. டிப்ளமோ முடித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் பட்டம் பெற விரும்பினால் மேலும் 2 ஆண்டு. இந்தக் கடைசி வகையினரில்தான் கைக்குழந்தையோடு இருப்பவர்கள் மிகுதி. தேர்வெழுதுவதற்கு வகுப்பிலும் செய்முறையிலும் 80 விழுக்காடு வருகை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. அத்துடன் நின்றுவிடவில்லை. பட்டம் கையில் வருமுன் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் 100 விழுக்காடு நிறைவு செய்திருக்க வேண்டும். விட்டுப்போன நாள்களை ஈடுகட்டியே தீர வேண்டும். குறித்த எண்ணிக்கையில் பிரசவங்களைத் தம் கையால் பார்த்து ஏட்டில் பதிந்திருக்கவும் வேண்டும்.

இந்த விதி கடுமையானது என்று சிலர் குறைப்படுவார்கள். நான் அப்படி எண்ணவில்லை. இலக்கியம் படிப்பவன் ஒரு பாடத்தைத் தவறவிட்டால் நட்டம் அவனுக்கு. செவிலியர் படிப்பில் தவறிய பாடத்தின் நட்டம், இன்னும் முகமறியாத ஒரு நோயாளியைச் சேரும். இரத்தம் ஏற்றும்போது நோயாளிக்கு நடுக்கம் கண்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதை, குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்ததால் நான் கற்கவில்லை என்று எந்தச் செவிலியும் சொல்ல முடியாது. தாய் என்பதற்காக இப்படிப்பில் சலுகை காட்டினால் அச்சலுகைக்கு விலை கொடுப்பவன் நோயாளி. அதனால்தான் இது எளிதில் தீராத அறச்சிக்கலாக இருக்கிறது. விட்டுக்கொடுக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அங்கே வளைய முடியாது என்றால் வேறெங்கோ யாரோ வளைய வேண்டும்.

இப்போது வளைகிறவர் யார் என்று பார்க்கலாம். பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் வந்து படிக்கும் ஓர் இளந்தாயை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கற்பனைப் பெண்தான், ஆனால் இவளைப் போன்றவளைப் பார்த்தறியாத ஊர் இராது. கணவன் வெளிநாட்டில். குழந்தைக்கு ஒன்பது மாதம். வைகறைத் தொழுகைக்கு எழுபவள், பால் கொடுத்து, கஞ்சி காய்ச்சி வைத்து, சீருடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்படுகிறாள். காலையில் வார்டு, பிற்பகலில் வகுப்பு, இரவில் ஏடு எழுதும் வேலை. குழந்தைகள் பிரிவில் பயிற்சி வாய்க்கும் நாள்களில் ஒரு விந்தை நிகழும். வேறொருத்தியின் குழந்தை வீறிட்டு அழும்போது இவள் மார்பில் பால் சுரந்து சீருடை நனையும். பாலூட்டும் தாய்மாருக்கு இயல்பாக நேர்வது இது. அழுவது யார் பிள்ளை என்று உடல் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

பெற்ற பிள்ளையைத் தவிக்க விட்டு, ஊரார் பிள்ளைக்கு ஊசி போடப் போகிறாளே என்பது அவர்கள் கூற்று. இந்தக் கூற்றை எளிதாக ஒதுக்கிவிடக்கூடாது. அதில் உண்மை இருக்கிறது. குழந்தையின் ஒன்பதாம் மாதம் ஒருமுறைதான் வரும். அது முதலில் எழுந்து நின்ற நாளை, தாய் பின்னர் விடுப்பெடுத்து மீட்க முடியாது. நோயாளிக்கு வேறொரு செவிலி கிடைக்கலாம். பிள்ளைக்கு வேறொரு தாய் கிடைப்பாளா? நெருங்கியவருக்கு முதலில் கொடு, பிறகு தொலைவில் இருப்பவருக்குக் கொடு என்பது தருமத்திலும் நாம் கடைப்பிடிக்கும் முறைதானே?

இவ்வாதத்தில் ‘வேறொரு செவிலி’ என்ற இடத்தில்தான் பிழை ஒளிந்திருக்கிறது. அந்த வேறொருத்தி யார்? அவள் வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. அவளும் ஒரு பிள்ளையை எங்கோ விட்டுவிட்டுத்தான் வருகிறாள்.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கதை ஒன்றை இங்கே நினைவூட்ட வேண்டும். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அம்மாவட்டத்தில் திண்டிவனமும் அடங்கியிருந்தது. 1890-களில் அங்கே மருத்துவராக இருந்த அமெரிக்கப் பாதிரியாரின் மகள் ஐடா ஸ்கடர். ஓரிரவில் மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவியரும் பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். தந்தையாகிய மருத்துவர் வரச் சித்தமாக இருந்தார். ஆண் மருத்துவர் வேண்டாம், பெண் ஒருத்தி வர வேண்டும் என்றார்கள் அம்மூவரும். மருத்துவம் கற்காத அந்த இளம்பெண்ணால் என்ன செய்ய முடியும்? விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். வந்து கதவைத் தட்டிய மூவரில் ஒருவர் முஸ்லிம். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் கற்க அனுப்பியது. பின்னாளில் அவர் வேலூரில் நிறுவிய மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பள்ளியும் தொடங்கியது. 1946-இல் அது பட்டம் தரும் கல்லூரியாக வளர்ந்தது.

இக்கதையை மருத்துவப் பணியின் பெருமைக்காகச் சொல்வார்கள். எனக்கு அந்த முஸ்லிம் கணவரின் நினைவே மேலிடுகிறது. தம் மனைவியின் நாணத்தைக் காக்க அவர் விரும்பினார். அதில் தவறு காண மாட்டேன். ஆனால் அவர் கேட்ட அந்தப் பெண் எங்கிருந்து வருவாள்? அவளை யார் படிக்க வைத்திருக்க வேண்டும்? யாரோ ஒருவருடைய மகள் படித்திருக்க வேண்டும், நம் மகள் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும் என்ற விருப்பம் நூறாண்டுகளுக்குப் பிறகும் நம்மிடையே உயிரோடு இருக்கிறது. பிரசவ அறையில் பெண்ணே நிற்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். அங்கே நிற்கப் போகும் பெண்ணுக்கு இரவுப் பணி என்றால் முகம் சுளிக்கிறோம்.

ஹிஜ்ரி 505-இல், அதாவது 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இந்த முரண்பாட்டை அன்றே கண்டார்கள். மருத்துவம் பர்ளு கிபாயா, அதாவது சமுதாயத்தின் மீது கூட்டாகச் சுமத்தப்பட்ட கடமை என்பது அவர்கள் கருத்து. ஊரில் சிலர் அதை நிறைவேற்றினால் மற்றவர் பொறுப்பு நீங்கும். ஒருவரும் முன்வராவிடில் குற்றம் எல்லார் தலையிலும் விழும். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் அல்லாதோரைத் தவிர மருத்துவர் இல்லை, நம்மவரோ சட்ட நுணுக்கங்களை வாதாடுவதற்கே திரண்டு ஓடுகின்றனர் என்று தம் ‘இஹ்யா’வில் அவர்கள் மனம் வருந்தி எழுதியிருக்கிறார்கள். பிற சமயத்தார் மருத்துவம் பார்ப்பது அவர்களுக்குக் குறையாகப் படவில்லை. நாம் நம் பங்கைச் செலுத்தவில்லையே என்பதுதான் வருத்தம். மருத்துவருக்குச் சொன்னது செவிலிக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மருத்துவர் கட்டிலருகே நிற்பது சில நிமிடங்கள். செவிலி நிற்பது இரவு முழுவதும்.

கூட்டுக் கடமை என்பதற்கு நாம் பெரும்பாலும் பாதிப் பொருளையே கொள்கிறோம். ஜனாஸாத் தொழுகையைச் சிலர் நிறைவேற்றினால் போதும், நமக்கு விடுதலை. சரி. ஆனால் அந்தச் சிலர் தொழுதுகொண்டிருக்கும்போது அவர்களுடைய கடையைப் பார்த்துக்கொள்வதும், அவர்களுடைய பிள்ளையைத் தூக்கிக்கொள்வதும் யார் வேலை? நம் அனைவருக்காகவும் ஒருத்தி கடமையாற்றுகிறாள் என்றால், அவளால் செய்ய முடியாமற்போன வேலையில் நமக்குப் பங்கு வந்து சேர்கிறது. அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாமியார் மருமகளுக்கு ‘உதவி’ செய்வதாக நினைக்கலாம். உண்மையில் அந்த மூதாட்டி, மடியில் பேரனை வைத்துக்கொண்டு, ஊருக்கான கடமையில் தன் பங்கைச் செலுத்திக்கொண்டிருக்கிறாள்.

2018 மே மாதத்தில் கேரளத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் பணியாற்றியவர் லினி என்னும் செவிலி. நிரந்தரப் பணி இல்லை, ஒப்பந்த ஊழியர்தான். கணவர் பஹ்ரைனில். இரண்டு ஆண் குழந்தைகள். மூத்தவனுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு இரண்டு. நிபா காய்ச்சல் என்று இன்னும் பெயர் அறியப்படாத நிலையில், அருகிலுள்ள சிற்றூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு முஸ்லிம் இளைஞரை இரவில் அவர் பேணினார். அந்நோய் அவரையும் பற்றியது. மே 21-ஆம் நாள் இறந்தார். சாகுமுன் கணவருக்குச் சில வரிகள் எழுதி வைத்தார். இனி நேரில் காண முடியாது என்றும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார். தொற்று பரவாதிருக்க உடல் உடனே எரியூட்டப்பட்டது. பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பெற்ற பிள்ளையை விட்டு ஊரார் பிள்ளைக்கு ஊசி போடப் போனவர்தாம் அவர். அந்த ஊரார் பிள்ளை நம் பிள்ளை. தாய்க்குத் தன் குழந்தையே முதல் என்ற நியாயத்தை லினி அன்று இரவு கைக்கொண்டிருந்தால் அந்த இளைஞரின் வாயில் தண்ணீர் வார்க்கவும் கை இருந்திராது. நம் மகளுக்கு ஒரு நீதி, பிறர் மகளுக்கு ஒரு நீதி என்று வைத்துக்கொள்வது எந்த அறத்துக்கும் அடுக்காது.

லினியை அன்று எல்லாரும் தேவதை என்றார்கள். செவிலியரைத் தேவதை என்றும், தியாகச் சுடர் என்றும் புகழ்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. எனக்கு இப்புகழுரைகளில் ஐயம் உண்டு. தேவதைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, தேவதைக்குப் பசிக்காது, தேவதையின் குழந்தைக்குக் காய்ச்சல் வராது. கொடுக்க வேண்டியதைக் கொடாமல் பட்டம் சூட்டி அனுப்பும் வழக்கம் எல்லாச் சமுதாயத்திலும் உண்டு. தியாகம் என்பது ஒருவர் தாமே முன்வந்து செய்வது. மற்றவர்கள் கைகட்டி நின்றதால் ஒருத்தி மேல் விழுந்த சுமைக்கு அப்பெயர் தகாது.

தாய்மையும் செவிலிமையும் ஒன்றாக இருக்க முடியாது என்ற எண்ணத்துக்கு நிறுவனங்களும் துணை போயின. 1860-இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி நிறுவிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் மணம் புரியாதவர். ஐடா ஸ்கடரும் அப்படியே. அவர்களுக்கு முன்னர் ஐரோப்பாவில் நோயாளிகளைப் பேணியவர்களில் பெரும்பாலோர் கன்னியாஸ்திரீகள். எனவே விடுதி, மணியடித்தால் உறக்கம், அனுமதியின்றி வெளியே போகாமை என்று இப்படிப்பின் ஒழுங்குகள் எல்லாம் குடும்பமில்லாத பெண்ணை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டன. இந்திய இராணுவச் செவிலியர் பணியில், மணம் செய்துகொண்ட காரணத்துக்காகவே 1988-இல் செலினா ஜான் என்ற அதிகாரி விலக்கப்பட்டார். அதற்கு இடமளித்த 1977-ஆம் ஆண்டு விதி 1995-இல் திரும்பப் பெறப்பட்டது. அவர் தொடுத்த வழக்கிலோ 2024 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. அந்த விதி பெண்ணின் மாண்புக்கு எதிரானது என்று கூறி, 60 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்து வந்த நீதி!

நம் வரலாற்றின் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. ஹிஜ்ரி 5-இல், அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பேண, மதீனாப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்துக் கொடுக்கப்பட்டது. அங்கே மருத்துவம் செய்தவர் ருஃபைதா (ரலி) அம்மையார். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்ப் பயணங்களில் உடன் சென்று உணவு சமைத்தார்கள், காயமுற்றோருக்கு மருந்திட்டார்கள், நோயுற்றோரைப் பார்த்துக்கொண்டார்கள். உஹதுப் போரில் காயத்துக்குக் கட்டுப் போட்ட நுஸைபா (ரலி) அவர்கள் அதே களத்தில் நின்ற பிள்ளைகளின் தாய். இவர்களில் எவரையும் பார்த்து, நீ தாயா, மருத்துவம் செய்பவளா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்று எவரும் கேட்டதாகச் செய்தி இல்லை.

இவற்றைக் காட்டிலும் என் மனத்தில் ஆழப் பதிந்தது வேறொரு செய்தி. பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டி நடத்த எண்ணி நிற்பார்களாம். பின்வரிசையில் ஒரு குழந்தையின் அழுகை கேட்கும். அதன் தாய்க்கு மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிவிடுவார்களாம். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுவித்த நிகழ்ச்சியும் உண்டு. குனியும்போது இறக்கி விடுவார்கள். எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். இதை நாம் குழந்தைகள் மீது அவர்களுக்கிருந்த அன்புக்குச் சான்றாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். இதிலுள்ள சட்ட அறிவை நோக்க வேண்டாமா? தொழுகையின் கடமைகளில் ஒன்றும் விடுபடவில்லை. ஓதும் நீளம்தான் குறைந்தது. எது குறைக்கக்கூடாதது, எது குறைக்கக்கூடியது என்று பிரித்தறிந்து, குறைக்கக்கூடிய இடத்தில் தலைவரே குறைத்தார். அழுத குழந்தையின் தாய் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கவில்லை.

செவிலியர் படிப்புக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். நோயாளியின் அருகே கற்க வேண்டிய மணிகளில் ஒன்றையும் குறைக்க முடியாது. ஆனால் அம்மணிகள் எந்த மாதத்தில் அமைய வேண்டும், ஏடெழுதும் வேலை இரவு பதினொரு மணிக்குத்தான் முடிய வேண்டுமா, பாலூட்டும் தாய்க்கு நடுப்பகலில் அரை மணி கிடைக்குமா என்பவை குறைக்கவும் கூட்டவும் கூடியவை. தமிழ்நாட்டு அரசு ஊழியரான பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதப் பேறுகால விடுப்பு உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் பேறுகால நலச் சட்டம் திருத்தப்பட்டது. இவையெல்லாம் பணியாளருக்கு. அதே வார்டில், அதே நோயாளிக்கு, அதே இரவில் பணி செய்யும் மாணவி பணியாளர் அல்லள், கற்பவள். அவளுக்கு விடுப்பு என்றால் உடன் படித்தவர்கள் முன்னே போய்விடுவார்கள். இவள் பின்வரும் வகுப்போடு சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். ஓராண்டு நிறுத்திவிட்டு மீண்டும் வருகிறேன் என்று ஒருத்தி முடிவு செய்தால் அதுவும் கண்ணியமான முடிவே. அந்த ஓராண்டை ‘படிப்பை விட்டுவிட்டாள்’ என்று உறவினர்கள் அறிவிக்காமல் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் தந்தையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டாண்டு பாலூட்டுவதைப் பற்றிக் கூறும் திருமறை வசனத்தை நம் வீடுகளில் தாய்க்குரிய கட்டளையாகவே எடுத்துக்காட்டுவது வழக்கம். அதே வசனம், பாலூட்டும் காலத்தில் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைக்கிறது. பால் மறக்கச் செய்வதை இருவரும் கலந்து பேசி உடன்பட்டுச் செய்யும் முடிவாக்குகிறது. வேறொரு செவிலித்தாயைக் கொண்டு பாலூட்டச் செய்வதையும் குற்றமில்லை என்கிறது. பெருமானாரே பனூ ஸஅத் குலத்துப் பாலைநிலத்தில் ஹலீமா அம்மையாரின் மடியில் வளர்ந்தவர்கள்தாமே! ஒரு குழந்தைக்குப் பல கைகள் உண்டு என்பதை அந்தச் சமுதாயம் அறிந்திருந்தது. சோழமண்டலக் கரையோர மரைக்காயர் குடும்பங்களிலும் பெண் மணமான பின் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அந்த வழக்கத்தின் குறைகளை வேறு சமயம் பேசலாம். கைக்குழந்தையோடு படிக்கும் பெண்ணுக்கு அதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தச் சட்டமும் இதுவரை செய்து தரவில்லை.

உறக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதை அறமாக யாரும் கருதுவதில்லை. இரவெல்லாம் பல் முளைக்கும் குழந்தையோடு விழித்திருந்த பெண், காலையில் வார்டுக்குப் போய் இன்சுலின் அளவு பார்த்து ஏற்றுகிறாள். அங்கே ஒரு சுழியம் கூடினால் நோயாளி மயங்கி விழுவான், மீளாமலும் போகலாம். அவளுடைய மூன்று மணி நேர உறக்கத்தில் முகம் தெரியாத ஒருவரின் உயிர் தொங்குகிறது. நள்ளிரவில் எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கும் கணவனோ, தம்பியோ, மாமனாரோ அந்த நோயாளியைக் கண்டதில்லை, காணப்போவதுமில்லை. இருந்தும் அவனுக்கு மருத்துவம் செய்தவர்களில் அவர்களும் சேருகிறார்கள். இரண்டையும் சமமாக நடத்திச் செல்கிறாள் என்று அப்பெண்ணைப் பாராட்டுவோர் தராசை உவமை சொல்வார்கள். தராசுக்கு இரண்டு தட்டுகள் மட்டும் போதா. மேலே பிடித்திருக்க ஒரு கை வேண்டும். நாம் அவளையே இரு தட்டுகளாகவும் வைத்து, பிடிக்கும் கையாகவும் இருக்கச் சொல்கிறோம்.

இவ்வளவு செய்த பின்னும் அந்தக் குழந்தை இழந்தது எதுவுமில்லை என்று சொல்லத் துணியேன். பாட்டியின் மடி தாயின் மடி ஆகாது. மாலையில் பேருந்திலிருந்து இறங்கி வரும் தாயை, அந்தக் குழந்தை சில நாள் முகம் திருப்பிக்கொண்டு வரவேற்கும். அந்த வருத்தத்தை வாதத்தால் ஆற்ற முடியாது. ஆயினும் அந்த இழப்பு எவ்வளவு என்பது பெரும்பாலும் தாயின் கையில் இல்லை. சுற்றியிருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா சலிப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அது கூடுகிறது, குறைகிறது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றியுள்ள மீனவ மக்களுக்கு உணவும் அடைக்கலமும் தந்தனர். யாரும் சட்டம் போடவில்லை. யாரும் மனு எழுதவில்லை. சில மணி நேரத்தில் அடுப்பு மூட்டத் தெரிந்த ஊர்களுக்கு, அண்ணாமலை நகரையொட்டி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மூன்று தொட்டில்களைக் கட்டி, அனுபவமுள்ள இரண்டு பெண்மணிகளைச் சம்பளத்துக்கு அமர்த்துவது பெரிய காரியமன்று. அந்தத் தொட்டில்களில் எந்தச் சமயத்துப் பிள்ளையும் உறங்கலாம். நம் கட்டிலருகே நின்றவர்கள் எச்சமயத்தார் என்று நாம் பார்த்தோமா?

வெளிநாட்டிலிருக்கும் கணவன்மார், ஊர் வரும் மாதத்தைத் தங்கை திருமணத்தையும் பெருநாளையும் கணக்கிட்டு முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். மனைவிக்கு மகப்பேற்றுப் பிரிவில் இரவுப் பயிற்சி எந்த மாதம் வருகிறது என்று தொலைபேசியில் கேட்டு, அதற்கேற்ப விடுப்பு விண்ணப்பம் எழுதிய ஒருவரைப் பற்றி அண்மையில் கேள்விப்பட்டேன். நாற்பது நாள் இருந்தாராம். உறவினர் வீட்டு விருந்துகளில் பாதிக்கு மேல் அவரைக் காண முடியவில்லை என்று ஊரில் குறை சொன்னார்களாம்.